பத்து நாள், பத்தாயிரம் ரூபாய்: தீபாவளிக்கு வீட்டாருக்கும் உறவுக்கும் கொடுப்பதற்கு முழு வழிகாட்டி

தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, கையில் 10,000 ரூபாய்தான் இருக்கிறது, கொடுக்க வேண்டியவர்களோ பதினைந்து பேருக்கு மேல். இந்த நிலைமையில் முதலில் செய்யத் தோன்றுவது துணிக்கடைக்குக் கிளம்புவது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. கடைக்குள் நுழைந்த முதல் ஒரு மணி நேரத்தில், அதிகம் பிடித்த இரண்டு மூன்று பேருக்கே பாதிப் பணம் போய்விடும். மிச்சமுள்ளவர்களுக்கு எதையாவது வாங்கி ஒப்பேற்ற வேண்டிவரும்.

நேரம் குறைவாக இருக்கும்போது வேலையின் வரிசைதான் எல்லாம். அடுத்தவர் கை பட்டு முடிய வேண்டிய வேலைகள் முதலில். தையற்காரர், கூரியர், ஊரிலிருக்கும் அண்ணன் தங்கையின் சம்மதம் எல்லாம் இதில் அடங்கும். நம் கையாலேயே முடிகிற வேலைகள் கடைசியில். பலகாரத்தை நள்ளிரவிலும் சுடலாம். பிளவுஸ் தைப்பவரை நள்ளிரவில் எழுப்ப முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, தையல் டேப், பிள்ளைகளுக்கு இப்போது சரியாக இருக்கும் சட்டை ஒன்று, சென்ற ஆண்டு யார் என்ன கொடுத்தார்கள் என்ற நினைவு. இந்தக் கடைசி விஷயத்துக்கு வீட்டில் மூத்த பெண்மணி ஒருவரை அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேட்பதுதான் வழி. மொய் நோட்டைப் போல அவர்களுக்கு எல்லாம் மனதில் இருக்கும்.

நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. மாதக் கடைசியிலோ நடுவிலோ வரும் தீபாவளிக்கும், சம்பளம் வந்த முதல் வாரத்தில் வரும் தீபாவளிக்கும் கையிருப்பு ஒன்றல்ல. அக்டோபர் 20 போன்ற ஆண்டில் செலவு செய்தபின் பத்து நாள் குடும்பம் ஓட வேண்டும். ஆகவே கையிலிருக்கும் தொகையில் மளிகை, பால், பஸ் பாஸ் ஆகியவற்றை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சுவதையே தீபாவளிப் பணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் 10,000 அப்படிக் கழித்தபின் உள்ள தொகை.

1. பொருளை அல்ல, ஆட்களை எழுதுங்கள்

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: பெயர், சென்ற ஆண்டு அவர்களிடமிருந்து வந்தது, எந்தத் தேதிக்குள் அவர்கள் கைக்குப் போக வேண்டும், எப்படிப் போகும். என்ன வாங்குவது என்ற பத்தி இப்போது வேண்டாம். அதை எழுதத் தொடங்கினால் மனம் கடைக்குப் போய்விடும். பாதிப் பெயர் விட்டுப்போகும்.

மூன்றாவது பத்தியைப் பெரும்பாலோர் "தீபாவளி" என்று ஒரே சொல்லில் நிரப்பிவிடுகிறார்கள். அது சரியல்ல. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குத் தீபாவளியன்று காலை பணம் கொடுத்துப் பயனில்லை. அந்தப் பணத்தில்தான் அவர் தன் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். அவருக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால். அடுக்குமாடிக் காவலாளி வெளியூர்க்காரர் என்றால் அவர் பஸ் ஏறும் நாளுக்கு முன்னால். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு, அவர்கள் தெருவில் நாலு பேர் புதுத்துணி காட்டும்போது கையில் இருக்கும்படி இரண்டு நாள் முன்னால். பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் தீபாவளியன்று.

பட்டியல் முடிந்ததும் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். கடமை, வழக்கம், ஆசை என்று மூன்று வகை. வீட்டு வேலை செய்பவருக்கான போனஸ் பரிசே அல்ல, அது அவருக்குச் சேர வேண்டிய தொகை. பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம் என்பது பேசாமலேயே இருக்கும் வழக்கம். அதைக் கடமையில், முதல் வரியில் எழுதுங்கள். பணம் பற்றவில்லை என்றால் வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள். பெற்றோர், சிறு பிள்ளைகள், தலைதீபாவளிக்கு வரும் மகள் மருமகன் ஆகியோரும் கடமைதான். அக்கா தம்பி பிள்ளைகள், அத்தை, மாமா வழக்கம். நண்பர்கள், அலுவலகத்தார், நாம் நமக்கே எடுத்துக்கொள்வது ஆசை. இந்த ஆண்டு ஆசை வரிசையை ஒரே கோட்டில் அடித்துவிடலாம், அல்லது பலகாரப் பொட்டலத்தோடு நிறுத்தலாம்.

2. பேச வேண்டியவர்களிடம் முதல் நாளே பேசுங்கள்

கணக்குப் போடும் முன் போன் பேச வேண்டும். காரணம், பேசி முடித்தபின் கணக்கே மாறிவிடும். அண்ணன் தம்பி அக்கா தங்கை நாலு பேர் தனித்தனியாக அப்பாவுக்கு வேட்டி எடுத்தால் அவருக்கு நாலு வேட்டி சேரும், நாலு பேருக்கும் செலவு. நாலு பேரும் தலைக்கு இவ்வளவு என்று போட்டால் அம்மாவுக்கு நல்ல பருத்திப் புடவை, அப்பாவுக்கு வேட்டி சட்டை, கூடவே ஒரு கம்பளி கூட எடுத்துவிடலாம். அதுபோலவே உடன்பிறந்தவர்களுக்குள் பெரியவர்கள் மாற்றி மாற்றித் துணி கொடுப்பதை நிறுத்தி, பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நாம்தான் முதலில் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் பெரும்பாலும் அதே கஷ்டத்தில்தான் இருக்கும், ஆனால் வாய் திறக்கத் தயங்கும். கேட்கும் விதம் முக்கியம். "எங்களால முடியல" என்று தொடங்கினால் அவர்கள், "நீ எதுவும் எடுக்க வேண்டாம், நாங்க எடுத்துத் தர்றோம்" என்பார்கள். அப்புறம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. இப்படிக் கேளுங்கள்: "அண்ணி, இந்த வருஷம் நமக்குள்ள பெரியவங்க வேண்டாம், பிள்ளைங்களுக்கு மட்டும் எடுத்துக்குவோமா? உங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்கு நான் எடுக்கறேன், எங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்கு நீங்க எடுங்க, தலைக்கு ஐந்நூறுக்குள்ள." தொகையைச் சொல்லிவிடுவதுதான் இதில் உயிர்நாடி. சொல்லாவிட்டால் ஒரு பக்கம் 400-க்கும் மறுபக்கம் 1,200-க்கும் எடுத்து, இரண்டு பேருக்கும் சங்கடம்.

கூட்டாகப் போடுவதென்று முடிவானால் யார் வாங்குவது என்பதையும் அந்த அழைப்பிலேயே முடியுங்கள். பெற்றோர் இருக்கும் ஊரிலேயே உள்ளவர் வாங்குவது நல்லது. கூரியர் செலவு மிச்சம், அளவு சரியில்லை என்றால் மாற்றுவதும் எளிது. மற்றவர்கள் அன்றே தங்கள் பங்கை அனுப்பிவிட வேண்டும். "அப்புறம் தர்றேன்" என்பது வாங்குபவரை முடக்கிவிடும்.

தலைதீபாவளி வீடு என்றால் இந்தப் பேச்சைச் சம்பந்தி வீட்டோடு நேரடியாக வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் மகளோடு தனியாகப் பேசுங்கள். மோதிரமோ சங்கிலியோ போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது நாமே நினைத்துக்கொள்கிறோமா என்பது அவளுக்குத்தான் தெரியும். மருமகனுக்கு வேட்டி சட்டை, மகளுக்குப் புடவை, எண்ணெய்க் குளியலுக்கு வேண்டியது, நல்ல விருந்து என்பது குறைவில்லாத தலைதீபாவளிதான். நகைக்காக வட்டிக்கு வாங்கினால், அடுத்த தீபாவளி வரை அந்த வட்டி ஓடும்.

3. பணத்தைப் பிரித்து உறையில் போடுங்கள்

இதோ ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் வீட்டுக்கு ஆட்கள் மாறுவார்கள், முறை மாறாது.

வீட்டு வேலை செய்பவர் போனஸ் 2,000. இரு பக்கப் பெற்றோர் நால்வர், உடன்பிறந்தவர்களோடு கூட்டாக, நம் பங்கு தலைக்கு 600 வீதம் 2,400. சொந்தப் பிள்ளைகள் இருவர், 800 வீதம் 1,600. உடன்பிறந்தவர் பிள்ளைகள் மூவர், 500 வீதம் 1,500. அத்தைக்கு 250. காவலாளி, பால்காரர், துப்புரவுப் பணியாளர், இஸ்திரி போடுபவர் நால்வருக்கு 150 வீதம் 600. பத்துப் பொட்டலம் பலகாரமும் லேகியமும் செய்யப் பொருள்கள் சுமார் 1,000. மீதி 650.

அந்த 650-ஐ மிச்சம் என்று நினைத்துத் தொடாதீர்கள். ஆட்டோ, கூரியர், டப்பா, உறை, புடவை ஓரம் அடிக்கும் கூலி எல்லாம் அதிலிருந்துதான். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் வழுக்குவது இங்கேதான். பொருளின் விலையை மட்டும் கூட்டுவார்கள். 500 ரூபாய்ப் புடவைக்கு லைனிங் பிளவுஸ் தைக்கும் கூலி, பண்டிகை அவசரத்தில், புடவை விலையையே எட்டிவிடும்.

கணவன் மனைவி இருவருக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். பணம் குறைந்த ஆண்டில் அதுதான் நேர்மையான கணக்கு. பீரோவில் கட்டாமல் இருக்கும் புடவை ஒன்றும், எப்போதோ வந்த வேட்டி ஒன்றும் எந்த வீட்டிலும் இருக்கும். ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்தால் அது புதுத்துணிதான்.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் உறை போட்டு, மேலே தொகையை எழுதி, பணமாகவே வையுங்கள். போனில் தட்டிக் கொடுக்கும்போது 50, 100 கூடுவது கண்ணுக்குத் தெரியாது. உறையில் இருக்கும் 800 தீர்ந்தால் தீர்ந்ததுதான். கடையில் கொடுக்கும் தவணை வசதியும் கிரெடிட் கார்டும் இந்தப் பத்து நாளைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

4. துணி: தைக்காமல் உடுத்தக்கூடியதாக எடுங்கள்

பத்து நாள் முன்னால் பெரும்பாலான தையற்கடைகளில் "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்ற பலகை தொங்கும். தொங்காத கடையில் துணியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் இரவு பதினோரு மணிக்குத்தான் தருவார்கள். அதனால் இந்த ஆண்டு தையல் வேலை உள்ள எதையும் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெண்களுக்குப் பருத்திப் புடவை, எந்தப் பிளவுசோடும் போகும் நிறத்தில். பிளவுஸ் துணி சேர்ந்த புடவை சுமார் 6.3 மீட்டர் இருக்கும், 5.5 மீட்டர் உடுத்த, 80 சென்டிமீட்டர் பிளவுசுக்கு. பிளவுஸ் சேராத புடவை விலை குறைவாக இருக்கும். அம்மாவிடம் ஏற்கனவே இருக்கும் கறுஞ்சிவப்பு, பச்சை, மயில்கழுத்து நிறப் பிளவுசுக்கு ஏற்றதாக எடுத்தால் தைக்கவே வேண்டாம். இதற்கு ஒரே தேவை, அவரிடம் என்னென்ன நிறப் பிளவுஸ் நல்ல நிலையில் இருக்கின்றன என்று முன்பே கேட்டு வைத்திருப்பது. ஆண்களுக்கு நாலு முழமா எட்டு முழமா என்று கேளுங்கள். நாலு முழம் ஒற்றை வேட்டி, எட்டு முழம் இரட்டை. எட்டு முழம் கட்டிப் பழகிய பெரியவருக்கு நாலு முழம் கொடுத்தால் அது பீரோவில்தான் கிடக்கும். இடுப்பில் வேட்டி நிற்காத வயதானவர்களுக்கும் கட்டத் தெரியாத பையன்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி கிடைக்கிறது.

பிள்ளைகளுக்கு வயதைச் சொல்லி எடுப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. சட்டையில் உள்ள வயது எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். இப்போது சரியாக இருக்கும் சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப்பால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதோடு தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை உள்ள நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் சட்டையை அதேபோல் விரித்து அளந்து, மார்பளவு 2 அங்குலம் கூடுதலாக இருப்பதை எடுங்கள். வேறு ஊரில் உள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் அம்மாவிடம் டேப்பை வைத்த சட்டையின் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். "எட்டு வயசு, கொஞ்சம் குண்டு" என்ற வர்ணனையில் எந்தச் சட்டையும் பொருந்தியதில்லை.

கடைக்கு வேலை நாளில், காலை பத்து மணிக்குத் திறந்த உடனே போங்கள். மாலை ஆறுக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை போனால், கூட்டத்தில் புடவையை விரித்துப் பார்க்கவே இடம் இருக்காது. கூட்டுறவு நெசவாளர்களின் கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பண்டிகைக் காலத்தில் 30 விழுக்காடு வரை தள்ளுபடி தருவது வழக்கம். பெற்றோருக்கான பருத்திப் புடவை, வேட்டி, துண்டு, போர்வையை அங்கேயே முதலில் பாருங்கள். உறையில் இருக்கும் 600 அங்கே இன்னும் கொஞ்சம் தூரம் போகும்.

புடவையை முந்தியிலிருந்து உள்தலைப்பு வரை முழுதாகப் பிரிக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புக்குள் இழை விட்டிருப்பதும், மடிப்பு ஓரம் வெளுத்திருப்பதும் தள்ளுபடிக் குவியலில்தான் அதிகம். பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: தீபாவளிக்குப் பின் மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள்? பல கடைகளில் பணம் திருப்ப மாட்டார்கள், மாற்ற மட்டுமே செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் துணியில் தொங்கும் சீட்டில் விலையுள்ள பகுதியை மட்டும் கத்தரித்து, அந்தத் துண்டைப் பில்லோடு சேர்த்துப் பின் குத்தி, நோட்டில் ஒட்டி வையுங்கள். சீட்டையே தூக்கி எறிந்துவிட்டு மாற்றப் போனால் நிறைய கடைகளில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கறுப்பு வேண்டாம். உங்களுக்குக் கறுப்பு பிடிக்கலாம், பிள்ளைக்கும் பிடிக்கலாம். வீட்டுப் பாட்டிக்குப் பிடிக்காது. எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்து நிற்கும் பிள்ளையின் மேல் அன்று அந்தப் பேச்சு விழ வேண்டாம்.

5. வெளியூருக்குப் போக வேண்டியதை ஏழாம் நாளே அனுப்புங்கள்

துணி எடுத்த மறுநாளே, அதாவது தீபாவளிக்கு ஏழு நாள் முன்பே, வெளியூர்ப் பார்சல் கிளம்பிவிட வேண்டும். சாதாரண நாளில் இரண்டு நாளில் சேரும் கூரியர், தீபாவளி வாரத்தில் நாலைந்து நாள் கிடங்கில் கிடக்கும். பார்சலுக்குள் ஒரு தாளில் பெறுபவரின் முகவரியும் போன் எண்ணும் எழுதிப் போடுங்கள். மேலே ஒட்டியது மழையில் கிழிந்தாலும் உள்ளே உள்ளதைப் பார்த்துச் சேர்ப்பார்கள். ஐப்பசி அடைமழைக் காலம் என்பதால் துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியபின் அட்டையில் வையுங்கள்.

பலகாரத்தைக் கூரியரில் அனுப்பாதீர்கள். உருண்டை மாவாகும், பக்கோடா தூளாகும், நெய் கசிந்து துணியில் கறைபடும். பட்டாசை எந்தப் பார்சலிலும் வைக்கக் கூடாது. ரயிலில் கையில் எடுத்துப் போவதும் குற்றம், பிடித்தால் அபராதமோ சிறையோ உண்டு. பிள்ளைகளுக்குப் பட்டாசு கொடுக்க ஆசை என்றால், அவர்கள் ஊரில் உள்ள பெரியவரிடம் பணம் அனுப்பி அங்கேயே வாங்கச் சொல்லுங்கள்.

ஏழாம் நாளைத் தவறவிட்டால் பார்சலை மறந்துவிடுங்கள். அதே தொகையை அந்த ஊரில் உள்ள உறவினருக்கு அனுப்பி, "எங்க பேர்ல இதை எடுத்துக் குடுங்க" என்று சொல்வதுதான் மேல். பணமாகவே அனுப்புவதென்றால் போன் பேசிவிட்டு அனுப்புங்கள். பேச்சில்லாமல் வரும் 501 ரூபாய் வெறும் குறுஞ்செய்தியாகத்தான் போய்ச் சேரும்.

6. லேகியம்: பெரியவர்களுக்குச் செலவு குறைந்த, மதிப்புள்ள ஒன்று

நாலு நாள் முன்னால் இதைச் செய்துவிடலாம், கெடாது. சுக்கு, அரிசித் திப்பிலி, மிளகு, ஓமம், தனியா, சீரகம் எல்லாம் கலந்த தீபாவளி மருந்துச் சாமான் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகவே கிடைக்கும். தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம்.

சாமானை வெறும் வாணலியில் சூடு ஏறும்வரை வறுத்து, ஆற வைத்து, மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் அல்லது மாவுச் சல்லடையில் சலியுங்கள். சலிக்காமல் விட்டால் சுக்கு நார் நாக்கில் மாட்டும். 100 கிராம் பொடிக்கு 150 மில்லி தண்ணீர் விட்டு அரை மணி ஊற வையுங்கள். 150 கிராம் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விட்டு, ஊறிய விழுதைச் சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். இறுகத் தொடங்கும்போது 50 மில்லி நெய்யும் 25 மில்லி நல்லெண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்து, ஓரத்தில் நெய் தெரியும் அந்த நேரத்தில், இன்னும் நெகிழ்வாக இருக்கும்போதே இறக்க வேண்டும். அடுப்பில் கெட்டியாகும்வரை வைத்தால் ஆறியபின் கல்லாகிவிடும். தேன் இரண்டு கரண்டி, ஆறிய பிறகு மட்டும்.

50 கிராம் பிடிக்கும் சின்ன மூடி டப்பாவில் அடைத்தால் ஆறு டப்பாவுக்குக் கிட்ட வரும். அத்தைக்கு வைத்திருந்த 250 ரூபாயை உறையில் போட்டு, இந்த டப்பாவோடு கொடுத்தால் அது நிறைவான மரியாதை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வீட்டுக்கு இதைக் கொடுக்க வேண்டாம்.

7. பலகாரம்: ஒரு இனிப்பு, ஒரு காரம், அதோடு போதும்

அதிரசத்துக்கு மாவு பாகில் ஊறிப் புளிக்க நாள் வேண்டும். மைசூர்பாகுக்குப் பதம் ஒரு நிமிடம் தப்பினால் முழுத்தட்டும் போச்சு. நேரமும் பணமும் குறைந்தபோது பாகு காய்ச்சும் எதையும் தொடாதீர்கள். மாலாடும் ரிப்பன் பக்கோடாவும் கெடாதவை, கணக்கில் அடங்குபவை, முதல்முறை செய்பவருக்கும் வருபவை.

மூன்றாம் நாள் முன்பு மாலாடு. பொட்டுக்கடலை 750 கிராம், சர்க்கரை 600 கிராம், நெய் 330 மில்லி, முந்திரி 60 கிராம், ஏலக்காய் பத்துப் பன்னிரண்டு. எலுமிச்சையை விடச் சற்றுச் சிறிதாகப் பிடித்தால் 65 உருண்டை வரும். பொட்டுக்கடலையைச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுத்து, நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு அரைத்தால் மிக்சிக்குள் ஈரம் விட்டு அடியில் அப்பிக்கொள்ளும். மாவைச் சலித்தே ஆக வேண்டும். குருணை இருந்தால் உருண்டை பிடிக்கும்போது நிற்கும், டப்பாவில் ஆட்டம் கண்டதும் உதிரும். சர்க்கரையை ஏலக்காயோடு தனியாகப் பொடித்துக் கலந்துகொள்ளுங்கள்.

இனி கவனம். மொத்த மாவிலும் மொத்த நெய்யையும் ஊற்றாதீர்கள். பத்து உருண்டை பிடிப்பதற்குள் மிச்சம் ஆறிப் பொலபொலவென்று ஆகிவிடும். மாவை நாலு பங்காக்குங்கள். ஒரு பங்கைத் தாம்பாளத்தில் கொட்டி, நடுவில் குழி செய்து, முந்திரி வறுத்த சூடான நெய்யில் கால் பங்கை விட்டு, கரண்டியால் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிடியுங்கள். உள்ளங்கை சிவக்கும், அந்தச் சூட்டில்தான் உருண்டை இறுகும். உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி சூடான நெய். பால் தெளித்துப் பிடிக்கலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். பால் பட்ட உருண்டை இரண்டு மூன்று நாளில் ஊசிவிடும். ஈரம் படாதது இரண்டு வாரம் தாங்கும்.

இரண்டாம் நாள் முன்பு ரிப்பன் பக்கோடா. அரிசி மாவு 500 கிராம், கடலை மாவு 250 கிராம், வெண்ணெய் 50 கிராம், மிளகாய்த்தூள் மூன்று தேக்கரண்டி, உப்பு இரண்டரைத் தேக்கரண்டி, பெருங்காயம், எள். முதலில் வெண்ணெயை மாவில் விரல்நுனியால் தேய்த்துவிடுங்கள், பிறகு தண்ணீர். அளவோடு போடுங்கள். வெண்ணெய் கூடினால் பிழிந்த ரிப்பன் எண்ணெயில் கரைந்து பிரியும், குறைந்தால் கடித்தால் பல் வலிக்கும். ஒரு தடவைக்கு வேண்டிய மாவை மட்டும் பிசையுங்கள். பிசைந்து நேரமான மாவு எண்ணெய் குடிக்கும், நிறமும் சிவந்துபோகும்.

மாவுத்துளி ஒன்றைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். அதுதான் எண்ணெய்ச் சூடு. பிழிந்ததும் பொங்கும் நுரை அடங்கி, 'சோ'வென்ற சத்தம் ஓய்ந்ததும் எடுங்கள். சத்தம் இருக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்த ஈரத்தோடு எடுத்தால் மறுநாளே நமுத்துவிடும். சுமார் ஒரு கிலோ வரும்.

இரண்டையும் முழுதாக ஆறும்வரை மூடாதீர்கள். வெளியே கைக்குச் சூடு தெரியாவிட்டாலும் குவியலின் நடுவில் கைவிட்டுப் பாருங்கள். மூடிய டப்பாவில் முத்துமுத்தாக வியர்த்தால் அத்தனை உழைப்பும் வீண். பொட்டலத்துக்கு ஆறு உருண்டை, நூறு கிராம் பக்கோடா என்று போட்டால் பத்துப் பொட்டலம். இனிப்பும் காரமும் ஒரே டப்பாவில் ஒட்டாமல் தனித்தனிக் கவரில் போடுங்கள். இல்லாவிட்டால் மாலாட்டில் பெருங்காயம் மணக்கும். அலங்காரப் பெட்டி வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் பலகாரத்துக்கு ஆன செலவில் பாதி அந்தப் பெட்டிக்கே போய்விடும்.

8. ரொக்கமும் கொடுக்கும் முறையும்

பணம் கொடுப்பது குறைவான பரிசு என்ற எண்ணம் தேவையில்லை. வேலை செய்பவர்களுக்கு அதுதான் உதவி. வங்கியில் முன்கூட்டியே புது நோட்டு கேட்டு வாங்கி வையுங்கள். கடைசி மூன்று நாளில் கிடைக்காது. 150-ஐ 151 ஆக்குங்கள், 500-ஐ 501. அந்த ஒரு ரூபாய் நாணயத்தை உறையின் உள்ளே ஒட்டிவிடுங்கள், உறை திறக்கும்போது உருண்டு ஓடாது. பெயரை மேலே எழுதுங்கள். "வாட்ச்மேன்" என்று எழுதாமல் அவர் பெயரையே கேட்டு எழுதுங்கள். வெறும் பணம் மட்டும் கொடுத்து அனுப்பாமல், உறையோடு ஒரு பலகாரப் பொட்டலமும் சேருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் உறை போதாது. கையில் பிடிக்க ஏதாவது வேண்டும், துணியோ கலர் பென்சிலோ. ஒரே வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குத் தொகையில் வித்தியாசம் வைக்காதீர்கள். பெரியவனுக்கு விலை கூடுவது இயல்புதான் என்று நமக்குத் தெரியும், ஏழு வயதுத் தங்கைக்குத் தெரியாது. சிறியவள் உடையில் மிஞ்சும் 80 ரூபாய்க்கு வளையலோ கிளிப்போ சேர்த்துச் சமமாக்குங்கள்.

துணியைக் கடைப் பையோடு நீட்டாதீர்கள். பையிலிருந்து எடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு பழம், குங்குமத்தோடு வைத்து இரு கையாலும் கொடுங்கள். செலவு இருபது முப்பது ரூபாய். 600 ரூபாய்ப் புடவை அந்தத் தட்டில் வந்தால் அம்மா உடனே விரித்துப் பார்ப்பார். பையில் வந்தால் "எதுக்குப்பா இதெல்லாம்" என்று ஓரமாக வைத்துவிடுவார்.

9. எதிர்பாராமல் வருபவர்களுக்கு

பத்துப் பொட்டலத்தில் எட்டுக்குத்தான் பெயர் எழுத வேண்டும். இரண்டு பெயரில்லாமல் இருக்கட்டும். நினைக்காத வீட்டிலிருந்து தட்டு வரும், அந்தத் தட்டை வெறுமனே திருப்ப முடியாது. கூடவே ஒரு பருத்தித் துண்டும் ஒரு பிளவுஸ் துணியும் 650-ல் மிஞ்சியதிலிருந்து எடுத்து வைத்தால், ஆண் வந்தாலும் பெண் வந்தாலும் கை நீட்ட ஏதாவது இருக்கும். இவற்றை ஏழாம் நாளே வாங்காதீர்கள். 650-ல் எவ்வளவு மிஞ்சியது என்று தீபாவளிக்கு முதல் நாள்தான் தெரியும்.

10. தீபாவளி முடிந்த மறுநாள் பத்து நிமிடம்

பில்லைத் தேதிவாரியாக எடுத்து, மாற்ற வேண்டிய துணியை மாற்றுங்கள். நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, யாருக்கு என்ன போனது, என்ன வந்தது, எந்த அளவு சரியாக இருந்தது என்று எழுதுங்கள். அப்பாவுக்கு எட்டு முழம், தம்பி மகனுக்கு மார்பளவு 28, அக்கா மகளுக்கு மஞ்சள் நிறம் பிடிக்கவில்லை, அத்தை வீட்டில் லேகியம் கேட்டு வாங்கினார்கள் என்று இவ்வளவு போதும். நோட்டைப் பண்டிகைத் தட்டு வைக்கும் அதே பரணில் வையுங்கள். அடுத்த ஐப்பசியில் தட்டை எடுக்கும்போது அதுவும் கையில் வரும்.